கேமராவோடு வந்த ஆள்

மாவடி விளக்கு என்கிற ஊரில் யாரைக் கேட்டாலும் இதை ஆளுக்கொரு விதமாகத்தான் சொல்வார்கள், டீக்கடையில் ஒரு மாதிரி, சலூனில் வேறு மாதிரி. ஆனால் எல்லாரும் தொடங்குகிற இடம் ஒன்றுதான், மாவு மில் கோமதி தன் மகளுக்குப் பழைய கேமரா வாங்கித்தரப் போன இடம்.

மகள் ஆவுடைச்செல்விக்கு அப்போது கல்யாணம் பேசி முடிக்கிற நேரம். கையில் நல்ல போன் இருந்தது. ஆனால் அதில் எடுத்தால் மூக்கு நுனியில் இருக்கிற பரு வரைக்கும் விழுகிறது, அது வேண்டாம், பத்து இருபது வருசத்துக்கு முன்னால் எல்லாரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தார்களே அந்தச் சின்ன டிஜிட்டல் கேமரா, அதுதான் வேண்டும், அதில் எடுத்தால்தான் படம் கொஞ்சம் மங்கலாகவும் முகம் கொஞ்சம் பளிச்சென்றும் கனவில் பார்த்த மாதிரி இருக்கும், காலேஜ் பிள்ளைகள் எல்லாம் இப்போது அதைத்தான் தேடி அலைகிறார்கள் என்று ஒரே பிடியாக நின்றாள். புதுசு கையில் இருக்கும்போது பழசுக்கு எதற்கு அலைய வேண்டும் என்று கோமதிக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிற பிள்ளை வாய்விட்டுக் கேட்கிறதே என்று மிளகாய் அரைக்க வந்தவர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, மகளோடு திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ் ஏறினாள்.

அங்கே ஒரு சந்துக்குள் பழைய ரேடியோ, பழைய கடிகாரம், பழைய கேமரா என்று குவித்து வைத்திருந்த ஷேக் மீரான், சோப்பு டப்பா அளவில் வெள்ளி நிறக் கேமரா ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"மேல ஒரு கீறல் கிடையாது. லென்ஸ் சுத்தம். சார்ஜ் நிக்கும், பிளாஷ் அடிக்கும். ஜூம் போகும்போது கிர்ர்னு ஒரு சத்தம் வரும், அது இதோட சுபாவம். ஒரே ஒரு விசயத்த மட்டும் முன்கூட்டியே சொல்லிருதேன்க்கா, பின்னால வந்து சண்டை பிடிக்கக் கூடாது. எடுக்கிற படத்துல ஒரு ஆளு வருவாரு."

"எந்த ஆளு?" என்றாள் கோமதி.

"தெரியாது. கேமராவோட இருக்காரு. தொந்தரவு ஒண்ணும் கிடையாது, மரியாதப்பட்ட மனுசன்."

"அப்ப விலையக் குறைங்க பாய். ஆளு வர்ற கேமராவுக்கு முழு விலையா கேப்பிய?"

"குறைக்கவா? ஒரு ஆளு சேந்து வாராருன்னா கூடல்லா குடுக்கணும்க்கா!"

வெயில் ஏறுகிற வரைக்கும் பேசி, அந்த ஆளுக்காகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அவர் பேரைச் சொல்லி ஒரு வெல்வெட் பையும் கையில் மாட்டுகிற வாரும் சும்மா தருவது என்று முடிவாயிற்று. கேமராவைப் பைக்குள் போடும்போது மீரான் குனிந்து அதனிடம், "போயிட்டு வாங்க" என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி முதல் படம் எடுத்தாள். கோமதியின் புருசன் சங்கரநயினார் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், சீருடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கோமதி பக்கத்தில் நின்றாள். பிளாஷ் அடித்தது. திரையில் பார்த்தால் கோமதிக்கு வலப்பக்கத்தில், அங்கே எண்ணெய்த் தூக்குவாளியைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், ஐம்பத்தைந்து வயது மதிக்கிற ஒருவர் நின்றார். சந்தன நிற அரைக்கைச் சட்டை, வெளுத்த வேட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, அளவாகக் கத்தரித்த நரை மீசை. குரூப் போட்டோவில் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள் முன்பக்கம் கோத்துக்கொண்டு லேசாகச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

சங்கரநயினார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "எந்த வண்டில வந்தாரு?" என்று கேட்டார்.

"வண்டில வரல. கேமராவுல வந்தாரு."

"சரி," என்றார் அவர், "இருக்கட்டும்."

ஊர் அந்தப் படத்து ஆளை ஏற்றுக்கொண்டது அதைவிடச் சுலபமாக நடந்தது. மில்லில் அரிசியும் கோதுமையும் மிளகாயும் அரைபட்டுக்கொண்டிருக்கும்போது, தூக்குவாளியும் சம்புடமுமாகக் காத்திருக்கிற பெண்கள் கையில் கேமரா சுற்றி வந்தது. அவர் எல்லாப் படத்திலும் விழுந்தார். கோமதி இருந்தால் அவளுக்கு வலப்பக்கத்தில் நின்றார். அவள் இல்லாத படங்களில் ஓரமாக நின்று யாரையோ எதிர்பார்க்கிறவர் மாதிரி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ரேஷன் கடையை எடுத்தால் இடையில் புகாமல் வரிசையில் கடைசி ஆளாக நின்றார், அதற்காகவே அவரைப் பல பேருக்குப் பிடித்துப்போயிற்று. சாவு விழுந்த துட்டி வீட்டில் எடுத்த படத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி, சிரிப்பில்லாமல் நின்றார். பஞ்சாயத்துத் தலைவர் தண்ணீர்த் தொட்டி திறந்துவைத்த படத்தில் மட்டும் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி முதுகைக் காட்டி நின்றார். அந்தத் தொட்டி ஒரே மாதத்தில் ஒழுக ஆரம்பித்ததும், மனுசனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

சலூன் சித்திரைவேல் ஒரு நாள் படத்தைப் பார்த்துவிட்டு, "பிடரியில முடி இறங்கிருச்சே, ஆளு கவனிக்காம இருக்காரே" என்று கவலைப்பட்டார். அடுத்த வாரம் எடுத்த படத்தில் முடி ஒட்ட வெட்டியிருந்தது. வெட்டியது நான்தான் என்று சித்திரைவேல் அன்றிலிருந்து சாதித்தார். எங்கே, எப்போது என்று கேட்டால், தொழில் விசயத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

எந்த ஊர்க்காரர், என்ன ஆள் என்று கண்டுபிடிக்கவும் சில பேர் பார்த்தார்கள். படத்தைப் பெரிசாக்கி நெற்றியைப் பார்த்தார்கள். அம்மன் கோவில் கொடை விழாவில் எடுத்த படத்தில் நெற்றி நிறையத் திருநீறு இருந்தது, ஆகவே நம்ம ஆள் என்று ஒரு கூட்டம் எழுந்தது. நோன்புக் கஞ்சி ஊற்றுகிற இடத்தில் எடுத்த படத்தில் தலையில் வெள்ளைத் தொப்பி இருந்தது, அந்தத் தெருக்காரர்களும் எழுந்தார்கள். மாதா கோவில் திருவிழா சப்பரத்துக்கு அவர் ஒரு பக்கம் தோள் கொடுத்திருந்ததைப் பார்த்ததும், இனி ஆராய்ந்தால் சண்டைதான் வரும் என்று எல்லாரும் அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார்கள்.

மில்லுக்கு வருகிற பெண்கள்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். படத்தில் அவர் மூக்கைப் பார்த்தார்கள், கோமதி மூக்கைப் பார்த்தார்கள். அவர் எப்போதும் அவளுக்கு வலப்பக்கத்திலேயே நிற்பதையும், கூட்டத்தில் அவளை யாரும் இடித்துவிடாதபடி முழங்கையை லேசாக விரித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தார்கள். "சந்தேகமே இல்ல மதினி, இவிய உங்க அண்ணன்தான்" என்று சொன்னார்கள்.

கோமதி மிளகாயை மிஷின் வாயில் கொட்டினாள். அவளுக்கு அண்ணன் கிடையாது. ஒரு தம்பி உண்டு, பேச்சிமுத்து, சுரண்டையில் மைக்செட் வைத்திருக்கிறான். செல்வி பெரிய மனுசியான சடங்கின்போது வாசலில் கட்டிய பிளெக்ஸில் எல்லாச் சொந்தக்காரர் முகத்தையும் போட்டார்கள். போட்டவன் கவனிக்காமல் தாய்மாமன் முகத்தின்மேல் ஒரு குத்துவிளக்குப் படத்தை வைத்துவிட்டான், பேச்சிமுத்துவுக்கு ஒரு காதும் பாதி மீசையும்தான் மிச்சம். "தாய்மாமன் மூஞ்சியில வெளக்கேத்துற குடும்பம்டா இது" என்று கத்திவிட்டுப் பந்தலை விட்டு இறங்கியவன் திரும்பி வரவில்லை. அவனாக வரட்டும் என்று அக்கா இருந்தாள். அவளாகக் கூப்பிடட்டும் என்று தம்பி இருந்தான். ரெண்டு ஊருக்கும் நடுவில் நாளெல்லாம் டவுன் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதை அனுப்பிவைத்ததே சங்கரநயினார்தான்.

இப்போது மாப்பிள்ளை வீட்டில் கேள்வி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வள்ளிமயில் சத்தம் போட்டுப் பேசாதவள், அதனாலேயே எல்லாரும் அவளுக்குப் பயப்படுவார்கள். மில்லில் வந்து உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே, "மத்ததெல்லாம் இருக்கட்டும் மதினி. மணமேடையில மாமன் மாலை போட ஆளு வேணுமே. தாய்மாமன் இல்லாத கல்யாணம்னு எங்க பக்கம் ஒரு பேச்சு வந்திரக் கூடாது பாத்துக்கோங்க" என்றாள்.

"நான் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்றார் சங்கரநயினார்.

"போனியன்னா, அந்தப் பஸ்ஸிலேயே டூட்டி பாத்துட்டு அங்கேயே இருங்க" என்றாள் கோமதி. சொல்லிவிட்டு மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். செல்வி தெரியாத்தனமாக அந்த நேரம் ஒரு படம் எடுத்தாள். படத்தில் கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கத்தில் அவர் தன் தோள் துண்டை எடுத்து அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தைக் கோமதி வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொந்தக்காரர்களைப் பற்றி யாரிடமோ சொல்கிற மாதிரிச் சாதாரணமாக, "அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன" என்று சொன்னாள். மில்லில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் ஊருக்கே கேட்டது.

நிச்சயதார்த்தத்தில் எடுத்த படத்தில் அவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் தேங்காய், பழம், பூ, மேலே மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த பட்டுச்சேலை. மாப்பிள்ளை வீட்டார் கேமராவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கூர்ந்து பார்த்தார்கள். ஆள் மரியாதையாகத் தெரிகிறார் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. படத்தில் மட்டும் வருகிற தாய்மாமன் செல்லுமா என்று கேட்டதற்கு, வெளிநாட்டில் இருக்கிற மாமன்கள் போனில் வந்து ஆசீர்வாதம் செய்வது செல்லும்போது இது ஏன் செல்லாது என்று பூசாரி சொல்லிவிட்டார். வள்ளிமயில் மட்டும் மெதுவாக, "சேலை நிறம் நல்லாருக்கு மதினி. ஆனா எடுத்துக் கட்ட முடியாதே" என்றாள்.

கோமதிக்குப் புதுசாக ஒரு அண்ணன் கிடைத்திருக்கிற செய்தி டவுன் பஸ் ஏறி சுரண்டைக்குப் போனது. மைக்செட் கடையில் பேச்சிமுத்துவிடம் அதைச் சொன்னவர், "இனிமே நீங்க சின்ன மாமாதான்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் மில்லில் மிளகாய் வத்தல் அரைபட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சிமுத்து வந்து இறங்கினான். வாசல்படியில் நின்றே கத்த ஆரம்பித்தான். "எங்க அப்பனுக்கு நான் ஒருத்தந்தான் ஆம்பளப் பிள்ள! எவன்... அச்ச்! எவன் அவன்... அச்ச்!" மிளகாய் நெடியில் அவனால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. காத்திருந்த பெண்கள் அவன் அழுகிறான் என்று நினைத்து இரக்கப்பட்டார்கள், அது அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "காட்டு அந்த ஆள!"

செல்வி கேமராவைக் கொடுத்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தான். அக்காவுக்குப் பக்கத்தில் அவர். கோவில் கொடையில் அவர். துட்டி வீட்டில், நிச்சயதார்த்தத்தில், தாம்பாளத்தோடு அவர். மூட்டைகளுக்குப் பின்னால் அக்கா முகத்தை மூடிக்கொண்டிருந்த படம் வந்ததும் கொஞ்சம் நின்றான். பிறகு அதையும் தள்ளிவிட்டு, படத்தில் இருந்தவரைப் பார்த்து விரலை நீட்டி, "ஏ, பெரிய மனுசா! இது நான் நிக்க வேண்டிய எடம். விலகிப் போரும்!" என்றான். கேமராவை மருமகளிடம் கொடுத்துவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் போய் விறைத்து நின்றான். "இப்ப எடு."

எடுத்தாள். படத்தில் அவர் இல்லை. கோமதி இருந்தாள், அவளுக்கு இடப்பக்கத்தில் பேச்சிமுத்து தும்மிக்கொண்டிருந்தான், வலப்பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெறுமையாக இருந்தது. இன்னொன்று எடுத்தாள். இல்லை. வாசலை எடுத்தாள், தெருவை எடுத்தாள், ரேஷன் கடை வரிசையின் கடைசியை எடுத்தாள். எங்கேயும் இல்லை.

"விரட்டிட்டியளே!" என்று பெண்கள் எழுந்துவிட்டார்கள். "ஒரு வார்த்தை எதுத்துப் பேசாத மனுசன!"

அன்று மாவடி விளக்கு முழுக்கத் துக்கமாக இருந்தது. பேச்சிமுத்து டீக்கடைக்குப் போனான், சீனி போடாத டீயை எதிரில் வைத்துவிட்டு மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனசு சரியில்லையே, முகச்சவரமாவது செய்துகொள்வோம் என்று சலூனுக்குப் போனான். சித்திரைவேல் ஒரு பக்கக் கன்னத்தை மழமழவென்று வழித்துவிட்டுக் கத்தியை மடக்கினார். "மறுபக்கம் அவிய வந்தப்புறம் எடுத்துக்கிடுவோம்" என்றார். பஸ் ஏறிப் போய்விடலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், சுரண்டை வண்டி எப்போது என்று கேட்டதற்கு மச்சான் சங்கரநயினார் கடிகாரத்தைப் பார்த்து, "உனக்கு வண்டி இல்ல" என்றார்.

பாதி வழித்த முகத்தோடு பேச்சிமுத்து மில்லுக்கே திரும்பி வந்தான். பின்னால் கொஞ்சம் தள்ளி பாதி ஊரும் வந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அக்கா பக்கம் திரும்பவில்லை. செல்வியிடம் கேமராவை நேராகப் பிடிக்கச் சொல்லி, அதற்கு எதிரில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே," என்றான் லென்ஸைப் பார்த்து. "கோவத்துல ஒரு வார்த்த கூடச் சொல்லிட்டேன். இப்ப மட்டும் இல்ல, அன்னைக்குச் சடங்கு வீட்லயும் கூடத்தான் சொன்னேன். வெறும் பிளெக்ஸு, மறுநாளே காத்துல கிழிஞ்சிருக்கும். அதுக்காகப் பிள்ளைக்கு ஒரு நல்லது பொல்லதுல வந்து நிக்காமப் போயிட்டேன். பல தடவ பஸ் ஏறிருக்கேண்ணே. மாவடி விளக்கு வரைக்கும் வந்து, அக்கா மில்லு சத்தத்தக் கேட்டுட்டு அடுத்த பஸ்ல திரும்பிருக்கேன். நான் இல்லாத எடத்துல நீங்க வந்து நின்னிய. அதுக்கு நான் கும்பிடணும், நீங்க போங்கன்னு சொல்லிட்டேன். வாங்கண்ணே. அவ அழுதா துண்டு குடுக்க ஒரு ஆளு வேணும்."

மிஷின் சத்தம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. கோமதிதான் சுவிட்சை அணைத்திருந்தாள். உடம்பெல்லாம் மாவோடு வந்து தம்பி முகத்தின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒருமுறை பார்த்தாள்.

"என்னல மூஞ்சி இது, பாதியில நிறுத்துன ரோடு மாதிரி. போய்க் கழுவிட்டு வா" என்றாள்.

செல்வி பொத்தானை அழுத்தினாள். அந்தப் படத்திலும் அவர் இல்லை. வந்திருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஆனால் படத்தைக் கடைசியாக வாங்கிப் பார்த்த சங்கரநயினார், எப்போதும் அவர் நிற்கிற அந்த வலப்பக்கத்தில் பேச்சிமுத்து நின்றுகொண்டிருப்பதையும், மாவு படிந்த கோமதியின் கை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் முழுக்க பேச்சிமுத்து கேமராவைக் கையில் மாட்டிக்கொண்டு ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக ஏறி இறங்கினான். நிச்சயதார்த்தப் படத்தைக் காட்டி, "இதே மஞ்சள், இதே கரை, எங்க அண்ணன் எடுத்தது" என்று கேட்டான். தென்காசியில் கிடைத்தது. மணமேடையில் செல்வி அந்தச் சேலையில்தான் நின்றாள். பேச்சிமுத்து இரண்டு பக்கமும் ஒழுங்காக வழித்த முகத்தோடு மாமன் மாலை போட்டான். வள்ளிமயில் சேலைக் கரையைக் கையில் எடுத்துப் பார்த்து, மெதுவாக, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

செல்வியின் சிநேகிதிகள் எடுத்த ஒவ்வொரு படத்தையும் ஊரே முண்டியடித்துப் பார்த்தது. மேடையில் அவர் இல்லை. மேளக்காரர்களோடு இல்லை. வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்திலும் இல்லை. சித்திரைவேல் புதுக் கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானப் பந்தி பாதி நடக்கும்போது ஒரு பெண் சாப்பாட்டுக் கூடத்தைச் சும்மா ஒரு படம் எடுத்தாள், எடுத்துவிட்டு, "ஆன்ட்டி!" என்று கத்தினாள்.

சுவரோரத்து வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. எல்லாப் படத்திலும் நின்றுகொண்டே இருந்த மனுசன், இன்றைக்குச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, கேமராவைப் பார்க்காமல், கோமதியைத் தேடாமல், வாசல் பக்கம் திரும்பாமல், இலையில் பாயசத்தை ஊற்றி, அதில் அப்பளத்தை நொறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தார்.

கோமதியும் பேச்சிமுத்துவும் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினார்கள். சுவரோரத்து வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எதிரில் இலை சுத்தமாக வழித்துச் சாப்பிட்டு, உள்பக்கமாக மடித்திருந்தது. பரிமாறுகிறவன், அந்த இடத்தில் யாரையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தான். பாயசம் மட்டும் மூன்று தரம் ஊற்றினானாம். ஏன் ஊற்றினாய் என்று கேட்டால், "கேட்டாவ" என்றான்.

இலையை எடுக்க வந்தவர்களைக் கோமதி தடுத்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் சாப்பிட்டவர்கள் எழுந்ததும், அந்த இலைக்கு வலப்பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள், இடப்பக்கத்தில் பேச்சிமுத்து உட்கார்ந்தான். காலையிலிருந்து ரெண்டு பேருமே பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. இலை போட்டார்கள், சோறு வந்தது, சாம்பார் வந்தது.

"அக்காளுக்கு அவியல் வைக்காதிய, அவளுக்குச் சேராது" என்றான் பேச்சிமுத்து பரிமாறுகிறவனிடம்.

"யாருல சொன்னா? எனக்கு எல்லாம் சேரும்."

"சின்னதுல தின்னுட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சேளா."

"அது ஒனக்குல! ஒனக்குத் தடிச்சதுக்கு நான் ராத்திரியெல்லாம் விசிறிவிட்டேன்."

"ஒனக்குத்தான்."

"ஒனக்கு!"

நடுவில் மடித்துக் கிடந்த இலையைத் தாண்டிக் கையை நீட்டி, கோமதி தம்பி இலையிலிருந்த அவியலை அப்படியே அள்ளித் தன் இலையில் வைத்துக்கொண்டாள். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ரெண்டு பேரும் கடைசிவரை சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.